சோற்றை விடாமல் இரத்தச் சர்க்கரையை நிதானப்படுத்துவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணங்களில் தட்டின் அளவு பால்மரம் (ரப்பர்) வெட்டிய காலத்தது. அன்று விடியற்காலையிலேயே மரத்துக்கு மரம் நடந்தவர்களுக்கு அந்தச் சோறு தேவைப்பட்டது. இன்று தொழிற்சாலையிலும் கடையிலும் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் அதே அளவைச் சாப்பிடுகிறார்கள். 2023-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. பாதிக்கும் மேற்பட்டோருக்கு எடை அதிகம்.

கிளைசெமிக் குறியீடு என்பது ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக உயர்த்துகிறது என்பதைக் காட்டும் எண். 1981-இல் கனடாவின் டொரொண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் இதை முன்வைத்தார்கள். குளுக்கோஸுக்கு 100. எண் 55 வரை குறைவு, 56 முதல் 69 வரை நடுத்தரம், 70-உம் அதற்கு மேலும் அதிகம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். எண் குறைவாக இருப்பதாலேயே ஓர் உணவு நல்லதாகிவிடாது. கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால் உருளைக்கிழங்கு சிப்ஸின் எண் அவித்த உருளைக்கிழங்கின் எண்ணைவிடக் குறைவு. தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக்கும் அதே வகைதான்: சர்க்கரை மெதுவாக ஏறலாம், இடுப்பு அப்படி இருக்காது.

முதல் படி: தேநீர்

சோற்றைத் தொடும் முன் கோப்பையைப் பாருங்கள். தே தாரேக்கில் (ஆற்றிய பால் தேநீர்) ஊற்றும் இனிப்பு டின்பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. ‘குராங் மானிஸ்’ (இனிப்பு குறைவாக) என்று கேட்டாலும் டின்பால் உள்ளே போகத்தான் செய்யும். “அண்ணே, தே ஓ கோசோங்” என்று கேளுங்கள்; பாலும் சீனியும் இல்லாத தேநீர் அது. பால் இல்லாமல் முடியாதென்றால் ‘தே சி கோசோங்’. அதில் சீனி சேர்க்காத பால் ஊற்றுவார்கள். முதல் வாரம் கசக்கும். பிறகு நாக்கு பழகிவிடும்.

இரண்டாம் படி: அரிசி

கடையில் நாம் விரும்பி எடுக்கும் வாசனை அரிசி, குழைந்து ஒட்டும் வகை. அதன் மாவுச்சத்து சீக்கிரம் செரித்துவிடும். பாஸ்மதியும் புழுங்கலரிசியும் அவ்வளவு வேகமில்லை. எதை வாங்கினாலும் குழைய விடாமல் பதமாக வடித்து இறக்குங்கள். வடித்த சோற்றைக் குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்து மறுநாள் நன்றாகச் சூடாக்கினால், மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காததாக மாறும். நம் தட்பவெப்பத்தில் சோற்றை வெளியே கிடக்க விடாமல், ஆறியவுடன் உள்ளே வைத்துவிடுங்கள்.

பழுப்பரிசியைப் பற்றி நம் ஊரில் ஒரு மிகையான நம்பிக்கை உண்டு. பன்னாட்டு அட்டவணையில் வெள்ளைச் சோற்றின் சராசரி 73, பழுப்பரிசியின் சராசரி 68. நார்ச்சத்துக்காக அதைச் சாப்பிடலாம். அந்தத் தைரியத்தில் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ள அது அனுமதிச்சீட்டு இல்லை. கேழ்வரகும் அப்படித்தான். மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சியபின் முழுத் தானியத்தின் நிதானம் அதில் இருக்காது.

மூன்றாம் படி: தட்டு

சுகாதார அமைச்சு சொல்லும் ‘சூக்கு சூக்கு செபாரோ’ (கால், கால், பாதி) முறையைவிட எளிய கணக்கை நான் பார்த்ததில்லை. கால் தட்டு சோறு, கால் தட்டு மீன், கோழி அல்லது பருப்பு, மீதிப் பாதியில் காய்கறியும் பழமும். கங்கோங், பயற்றங்காய், வெண்டை, பாகற்காய் எல்லாம் பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) கிடைப்பவைதான். காய்கறியையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள்; அந்த வரிசை மாற்றமே சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கும். சாம்பாரில் பருப்பைத் தேடிப் பிடிக்கவேண்டிய நிலை இருந்தால், இன்னும் ஒரு பிடி பருப்பு சேர்த்து வேகவையுங்கள். பருப்பு, பயறு வகைகளில் பெரும்பாலானவற்றின் எண் 30-ஐ ஒட்டியே இருக்கிறது.

நான்காம் படி: இடைப்பசி

இதில் நமக்கு அதிர்ஷ்டம். ஈப்போ புந்தோங் தமிழர்கள் பெயர்பெற்ற கச்சாங் பூத்தே (கடலை, பயறு நொறுக்குத்தீனி) வியாபாரத்தில் அவித்த கொண்டைக்கடலையும் கிடைக்கும். அதன் எண் 28 அளவில்தான். பொரித்ததை விட்டு அவித்ததை வாங்குங்கள். தர்பூசணியின் எண் 76 என்று பார்த்து மிரள வேண்டாம்; பெரும்பகுதி தண்ணீர்தான், ஒரு துண்டில் சர்க்கரை கொஞ்சம்தான்.

ஐந்தாம் படி: உங்கள் உடம்பைக் கேட்பது

அட்டவணை எண்கள் சராசரிகள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், சாப்பிடும் முன்னும் முதல் வாய் உண்ட இரண்டு மணி நேரம் கழித்தும் அளந்து குறித்துவையுங்கள். ஒரு நாள் பசியாற ரொட்டி சானாய், இன்னொரு நாள் முட்டையுடன் பயற்றுத் தோசை என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர்கள், சோற்றின் அளவைக் குறைக்கும் முன்பே கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார மருந்தகம்) பேசிவிடுங்கள். மருந்தின் அளவு அப்படியே இருக்கச் சோறு மட்டும் குறைந்தால், சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். குறித்துவைத்த நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.