யாழ்ப்பாணக் கோட்டை பார்க்கப் போகிறவர்களுக்கு

கோட்டைக்கென்று இரண்டு மணித்தியாலமாவது ஒதுக்குங்கள். நயினாதீவுக்குப் போகிற வழியில் வானை நிறுத்தி, வாசலில் படம் எடுத்துவிட்டு ஓடினால் அது வெறும் கல் மதில்தான்.

பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். உள்ளே நுழையமுன் கோட்டைக்கு முன்னாலுள்ள முற்றவெளியில் நின்று மதிலைப் பாருங்கள். நெருங்கி வரும் படைக்கு ஒளிய இடம் கிடைக்கக்கூடாது என்றுதான் கோட்டைகளின் முன்னால் நிலத்தை இப்படி வெளியாக விட்டார்கள். 1974 தமிழாராய்ச்சி மாநாட்டில் உயிரிழந்தவர்களின் நினைவுத்தூண்களும் அருகிலேயே இருக்கின்றன. அவற்றைக் கும்பிடாமல் கடந்து போகவேண்டாம்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குக் கட்டணம் வேறு. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் தேசிய அடையாள அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். வங்கி அட்டையால் கட்டலாம் என்று நம்பாமல் ரூபாய்த்தாளும் வைத்திருங்கள்.

போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை 1658இல் பிடித்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்), அதை ஐங்கோணமாக மாற்றிக் கட்டினார்கள். உட்கோட்டை 1680இலும் வெளி அரண்கள் 1792இலும் முடிந்தன. மூன்று ஆண்டுகளில், 1795இல், ஆங்கிலேயரிடம் போய்விட்டது. மதிலில் ஏறியதும் முதலில் ஒரு மூலைக்குப் போங்கள். ஐந்து மூலைகளும் அம்புமுனைபோல் வெளியே நீண்டிருக்கும். அங்கே நின்று அடுத்த மூலையைப் பார்த்தால், இடையிலுள்ள மதிலின் முகம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். மதிலடிக்கு வந்த எதிரியை இரண்டு பக்கத்திலிருந்தும் சுடுவதற்கான அமைப்பு அது. இது விளங்கினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

உள்ளே இடிபாடுகள்தான் அதிகம். 1706இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம் 1990இல் இராணுவம் இருந்த கோட்டையைப் புலிகள் முற்றுகையிட்ட சண்டையோடு அழிந்தது. ஊரைவிட்டு அந்த நாட்களில் வெளியேறிய பெரியவர்களைக் கூட்டிப்போனால் அவசரப்படுத்தாதீர்கள். அவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் கேட்கட்டும்.

மதில்மேல் நிழலே இல்லை. காலையில் போங்கள், அல்லது நாலு மணிக்குப் பிறகு. தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். சோளகக் (தென்மேற்குக்) காற்றுக் காலத்தில் தொப்பிக்கு நாடா வேண்டும்; ஐப்பசி, கார்த்திகை மழையில் சரிவுகள் வழுக்கும், செருப்பு சரிவராது. மதில் முருகைக்கல்லும் (பவளக்கல்) சுண்ணாம்பும் என்பதால், திருத்தாத விளிம்புகள் உப்புக்காற்றில் உதிர்ந்துகொண்டே இருக்கும். பல இடங்களில் தடுப்புக் கம்பி கிடையாது. சிறுவர்களின் கையை விடாதீர்கள், விளிம்பில் ஏறி செல்பி எடுக்காதீர்கள்.

ஞாபகத்துக்கென்று ஒரு கல்லைக்கூட எடுக்கவேண்டாம், தொல்பொருட் சட்டப்படி குற்றம். ட்ரோன் பறக்கவிட முன்கூட்டியே அனுமதி வேண்டும்.

நேரமிருந்தால் காரைநகர்ப் பக்கம் கடலுக்குள் நிற்கும் கடற்கோட்டையையும் பாருங்கள். அது கடற்படையின் பொறுப்பில் இருப்பதால், படகு கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.