"ஊசி போடலாமா?"ன்னு கேக்காதீங்க
தடுப்பூசிக்கு தயங்குற அம்மா அப்பாகிட்ட "ஊசி போடலாமா, என்ன நினைக்கிறீங்க?"ன்னு ஆரம்பிக்காதீங்க, "பாப்பாவுக்கு ஒன்றரை மாசம் ஆச்சும்மா, இன்னிக்கு அஞ்சு நோய்க்கான பென்டா ஊசியும், போலியோ சொட்டு மருந்தும், வயித்துப்போக்கு தடுக்குற ரோட்டா மருந்தும் இருக்கு"ன்னு நேரா சொல்லுங்க. கேள்வியா கேட்டா டாக்டருக்கே சந்தேகம் போலன்னு தோணிடுது. அமெரிக்காவுல சியாட்டில் பக்கம் வீடியோ எடுத்து பாத்து 2013ல வந்த ஆய்வுல கேள்வியா ஆரம்பிச்சப்போ 83 சதவீதம் பேர் மறுத்தாங்க, நேரா சொன்னப்போ 26தான், எவ்ளோ வித்தியாசம் பாருங்க! மறுத்தவங்ககிட்டயும் விடாம திரும்ப எடுத்துச் சொன்னதுல கிட்டத்தட்ட பாதிப் பேர் ஒத்துக்கிட்டாங்க. ஆனா வேண்டாம்னு முடிவோடயே வர்றவங்ககிட்ட இத மட்டும் வச்சு பேச முடியாது, அங்க "எதை நினைச்சும்மா பயமா இருக்கு?"ன்னு கேட்டு முழுசா காது குடுங்க. போன ஊசிக்கு கடுமையான அலர்ஜி வந்த குழந்தைன்னா முதல்ல அதத்தான் விசாரிக்கணும்.