தோட்டத்து உரம் ஆற்றுக்குப் போகும் கணக்கு: நைட்ரஜன் மாதிரிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் போடும் உரத்தில் எவ்வளவு சிலாங்கூர் ஆற்றைச் சேர்கிறது, பருவநிலை மாறினால் அது கூடுமா குறையுமா என்று கணிக்க விரும்புவோர் ஸ்வாட், இன்கா போன்ற கணினி மாதிரிகளை நாடுவது வழக்கம். அவற்றை இயக்கக் கற்றுக்கொள்வது கடினமில்லை. நைட்ரஜனின் வரவு செலவைச் சரிபார்க்காமல் இயக்குவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

முதலில் மூட்டைக் கணக்கைப் பார்க்க வேண்டும். தோட்டப் பதிவேட்டில் இன்ன நிரையில் இத்தனை மூட்டை என்று மட்டும் இருந்தால், அது என்ன உரம் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைட்ரஜன் உண்டு. அதே எடையுள்ள அம்மோனியம் சல்பேட் மூட்டையில் ஏறத்தாழ 10.5 கிலோதான் உண்டு. எல்லாவற்றையும் யூரியா என்று எழுதிவிட்டால் வரவு இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும். அதோடு, மண்மேல் தூவிய யூரியாவில் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகக் காற்றில் கலந்துவிடுகிறது. புளிப்பு மண்ணில் அம்மோனியம் சல்பேட்டுக்கு அந்த இழப்பு மிகக் குறைவு. ஆய்வகத் தாளிலும் இதே கவனம் தேவை. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்குப் பரிந்துரைக்கும் வரம்பு நைட்ரேட்டின் முழு எடையாகச் சொன்னால் லிட்டருக்கு 50 மில்லிகிராம், அதிலுள்ள நைட்ரஜனின் எடையாக மட்டும் சொன்னால் ஏறத்தாழ 11.3 மில்லிகிராம். எந்த அலகு என்று பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்து எழுதியவர் நான்கு மடங்குக்கு மேல் தவறியிருப்பார்.

உரம் போடாத இடத்திலும் வரவு உண்டு. ஏறத்தாழ 25 ஆண்டுக்கு ஒருமுறை மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்யும்போது, மண்ணை மூடுவதற்கென்று பியூரேரியா, முக்குனா போன்ற பயறுவகைக் கொடிகளைப் படரவிடுகிறார்கள். அவை காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குக் கொண்டுவருகின்றன. செம்பனை வளர்ந்து நிழல் கூடியதும் கொடிகள் மடிந்து, சேர்த்ததை விடுவிக்கின்றன. பிற நாட்டு வயல்களுக்கென்று மாதிரியில் வைத்திருக்கும் எண்களை அப்படியே விட்டுவிடுபவர்களின் கணக்கில் இந்த வரவு வராமலே போகிறது.

மலேசியாவின் நீர்த்தரக் குறியீட்டில் அடங்கும் ஆறு அளவைகளில் அம்மோனியாக்கல் நைட்ரஜன் (அம்மோனியா வடிவில் உள்ள நைட்ரஜன்) இருக்கிறது, உரம் மண்ணில் மாறி உருவாகும் நைட்ரேட் இல்லை. ஆகவே அந்தத் தரவை மட்டும் வைத்து மாதிரியைச் சரிசெய்பவர், பெரும்பாலும் கழிவுநீரையும் ஆலைக்கழிவையும் பார்த்துவிட்டு உரத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறார். மாதம் ஒருமுறை எடுக்கும் மாதிரி நீரும் போதாது. ஒரு மாலை மழையில் இறங்கும் வெள்ளம் அதில் அகப்படுவது அரிது.

கணித்த கோடும் அளந்த கோடும் பொருந்திவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவதே இவற்றிலெல்லாம் பெரிய தவறு என்பேன். மண்ணிலிருந்து அதிக நைட்ரேட் கசிந்து, அதில் பெரும்பகுதியை ஈரநிலத்து நுண்ணுயிர்கள் வாயுவாக்கினாலும், குறைவாகக் கசிந்து குறைவாக வாயுவானாலும், ஆற்றில் கிடைக்கும் எண் ஒன்றாகவே இருக்கலாம். நீரியலாளர் கீத் பெவென் வலியுறுத்திவந்த இந்தச் சிக்கல் இன்றைய நிலையைக் கணிக்கும்போது வெளியே தெரியாது. வெப்பம் கூடும்போதோ நிலத்தடி நீர்மட்டம் இறங்கி மண்ணுக்குள் காற்று புகும்போதோ, இரண்டு கணக்குகளும் வெவ்வேறு திசையில் பிரிந்துவிடும். அதனால் மாதிரிக்குள் இடும் எண்களின், அதாவது அளவுருக்களின், ஒரே தொகுப்பைப் பிடித்துக்கொள்ளாமல் பொருந்தும் தொகுப்புகள் பலவற்றையும் வைத்துக்கொண்டு, கசிவும் வாயு இழப்பும் நம்பத்தக்க அளவில் உள்ளனவா என்று தனித்தனியே பார்க்க வேண்டும். பெஸ்தாரி ஜெயாவில் பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டைகள் ஏராளம். தேங்கிய நீரில் நைட்ரஜன் படிந்தும் வாயுவாகியும் குறைவதால், அவற்றை வரைபடத்தில் வெறும் நீலமாக விட்டுவிடக் கூடாது.

மழை மிகுந்த ஆண்டுகளில் சரிசெய்த மாதிரி வறட்சியிலும் செல்லும் என்று நம்புவதற்கு முன், 1997–98, 2015–16 எல் நினோ வறட்சிக் காலங்களில் அதைச் சோதிக்க வேண்டும். இத்தகைய சோதனையை நீரியலாளர் கிளெமேஷ் 1986இலேயே முன்வைத்தார். வறண்ட மண்ணில் சேர்ந்துகிடக்கும் நைட்ரேட் முதல் பெருமழையில் ஒன்றாக அடித்துச் செல்லப்படும். எதிர்கால மழையை மாதச் சராசரியாக எடுத்து நாள்தோறும் சமமாகப் பங்கிட்டால், அந்தப் பெருமழையே மாதிரிக்குள் இராது.

எதிர்காலக் கணிப்பில் வானிலையை மட்டும் மாற்றி நிலத்தை அப்படியே வைத்திருப்பதும் சரியன்று. தோட்டத்தைத் துண்டாடி வீடமைப்புப் பகுதியாக்கினால் உர வரவு குறைந்து கழிவுநீர் வரவு கூடும். ஆனால் முன்பு போட்ட உரத்தின் நைட்ரேட் நிலத்தடி நீரோடு மேலும் பல ஆண்டுகள் ஆற்றுக்கு வந்துகொண்டிருக்கும். ஆகவே இவ்விரண்டு வரவுகளையும் மாதிரியில் தனித்தனியே வைத்திருக்க வேண்டும்.