பயணத்தில் பயன்படுத்திய கழிப்பறைத் தொட்டியை முறையாகக் காலி செய்வது எப்படி?

முழங்கால் தேய்மானத்தால் தரையில் குந்த முடியாத என் அம்மாவையும் வெளியூர்ப் பயணங்களுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பதற்காகவே, வேனில் வைத்துக்கொள்ளக்கூடிய சிறிய கழிப்பறை ஒன்றை வாங்கினோம். வாங்கும்போது இருக்கையின் உயரத்தையும் தொட்டியின் கொள்ளளவையும் விசாரித்த நாங்கள், நிரம்பிய தொட்டியை எங்கே கொட்டுவது என்று கேட்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. முதல் பயணத்தின் மூன்றாம் நாள் காலையில், குன்னூரில் ஒரு சாலையோரத்தில், கனத்த தொட்டியை இரு கைகளிலும் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அந்தக் கேள்வி எழுந்தது. புதிதாக வாங்கியிருப்பவர்களுக்கு அந்த நிலை வரக் கூடாது என்பதற்காக, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் கருவியின் அமைப்பு

இந்தக் கழிப்பறை, ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்து கொக்கிகளால் பூட்டிக்கொள்ளும் இரண்டு பெட்டிகளால் ஆனது. மேல்பெட்டியில் இருக்கையும் அலசுவதற்கான நல்ல தண்ணீரும் இருக்கும். கீழ்ப்பெட்டிதான் கழிவுத் தொட்டி. இரண்டுக்கும் நடுவே, கைப்பிடியை இழுத்தால் திறந்து, தள்ளினால் மூடிக்கொள்ளும் தகடு ஒன்று உண்டு. அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம்தான் கழிவும் நாற்றமும் வெளியேறாமல் காக்கிறது. கீழ்ப்பெட்டியின் ஓரத்தில், வெளிப்புறமாகத் திருப்பக்கூடிய ஊற்றுக்குழாயும், பல மாடல்களில் ஊற்றும்போது காற்று உள்ளே செல்வதற்கான பொத்தானும் இருக்கும்.

முதற்படி: புறப்படும் முன்பே கொட்டுமிடத்தை முடிவு செய்யுங்கள்

இங்கிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் முகாம்களில் இதற்கெனத் தனி இடம் கட்டி வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் நான் சென்ற எந்த இடத்திலும் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. ஆகவே நமக்குப் பொருத்தமான இடம், பாதாளச் சாக்கடையோடு இணைக்கப்பட்ட கழிப்பறை, அல்லது முறையாகக் கட்டிய செப்டிக் டேங்க் உள்ள கழிப்பறை. நம் வீடு, உறவினர் வீடு, தங்கும் விடுதி என எதுவாயினும், உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெற்றுக்கொள்ள வேண்டும். விடுதியில் அறை பதிவு செய்யும்போதே நான் இதைக் கேட்டுவிடுகிறேன். ஒளிக்காமல் கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை.

அனுமதி கேட்கும்போது இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: "இந்தக் கழிப்பறைத் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது?" சில இடங்களில் பீங்கான் கோப்பை பளபளவென்று இருக்கும், குழாயோ பின்பக்க ஓடையில் திறந்திருக்கும். கிராமப்புற வீடுகளில் இரட்டைக் குழிக் கழிப்பறை இருந்தால், நாற்றத்தை அடக்கத் தொட்டியில் ஊற்றும் மருந்து கலந்த கழிவை அங்கே ஊற்றாதீர்கள். ஒரு குழி நிரம்பியதும் அதை மூடி வைத்து, நுண்ணுயிர்களால் அது மக்கி உரமாவதற்காகக் காத்திருக்கும் ஏற்பாடு அது. நாம் ஊற்றும் மருந்து அந்த நுண்ணுயிர்களைக் கொல்லக்கூடியதாக இருக்கலாம்.

இரண்டாம் படி: மருந்தைப் பார்த்து வாங்குங்கள்

நாற்றத்தை அடக்குவதற்காகக் கழிவுத் தொட்டியில் ஊற்றும் திரவங்களில் இரண்டு வகைகள் உண்டு. ஃபார்மால்டிஹைடு போன்ற வேதிப்பொருள் கலந்தவை நுண்ணுயிர்களைக் கொன்று நாற்றத்தை நிறுத்துகின்றன. நொதிகளும் நல்ல பாக்டீரியாக்களும் கலந்தவை கழிவைச் சிதைத்து நாற்றத்தைக் குறைக்கின்றன. செப்டிக் டேங்க் என்பது காற்றில்லாச் சூழலில் வாழும் பாக்டீரியாக்களின் உழைப்பால் இயங்குவது. ஒரு முறை ஊற்றும் சில லிட்டரால் பெரிய தொட்டி கெட்டுவிடாது என்றாலும், வண்டிகள் தொடர்ந்து வந்து போகும் ஒரு விடுதியில் எல்லோரும் முதல் வகையையே ஊற்றினால், கழிவு சிதையாமல் அப்படியே தேங்கும். ஆகவே ஃபார்மால்டிஹைடு இல்லை, செப்டிக் டேங்குக்கு ஏற்றது என்று புட்டியில் அச்சிட்டிருப்பதை மட்டுமே வாங்குங்கள். காலியான தொட்டியில் ஓரிரு லிட்டர் தண்ணீர் விட்டு, புட்டியில் சொல்லியுள்ள அளவுக்கு மருந்தைக் கலந்துவிட்டுப் புறப்படலாம். சமவெளியின் வெயிலில் இந்த மருந்துகள் விரைவில் வலுவிழக்கும் என்பதால், தொட்டி நிரம்பாவிட்டாலும் இரண்டு அல்லது மூன்று நாட்களுக்கு ஒருமுறை காலி செய்வது நல்லது.

மூன்றாம் படி: தொட்டிக்குள் போவதைக் கட்டுப்படுத்துங்கள்

இந்தக் கருவிகள் காகிதத்தால் துடைப்பவர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. நாம் தண்ணீரால் கழுவுகிறோம். ஒரு குவளைத் தண்ணீர் என்றாலே அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை ஆகிவிடுவதால், 20 லிட்டர் தொட்டி நாம் நினைப்பதற்கு முன்பே நிரம்பிவிடும். அம்மாவுக்காக நாங்கள் கண்டுபிடித்த வழி, கூர்முனை கொண்ட பிழியும் பிளாஸ்டிக் புட்டி. கால் லிட்டர் தண்ணீரை அழுத்தமாகப் பீய்ச்சினால், குவளையால் கழுவுவதைவிடச் சுத்தமாகவே இருக்கிறது என்று அம்மாவே சொல்கிறார்.

ஈரத் துடைப்பான், சானிட்டரி நாப்கின், டயப்பர் எதையும் உள்ளே போடக் கூடாது. அவை கரையாமல் ஊற்றுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். தொட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் நிறுத்திவிடுங்கள். 15 லிட்டர் கழிவும் பெட்டியும் சேர்ந்து 17 கிலோவைத் தாண்டும். அதற்கு மேல் நிரப்பினால் தூக்குவதும் கடினம், தளும்பாமல் ஊற்றுவதும் கடினம்.

நான்காம் படி: மலைப்பாதையில் கவனம்

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், குன்னூர் போய்ச் சேர்வதற்குள் தலையணைபோல் உப்பிக்கொள்வதை எல்லோரும் பார்த்திருப்போம். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதே அதற்குக் காரணம். இறுக மூடிய கழிவுத் தொட்டியிலும் அதுவேதான் நிகழ்கிறது. கழிவிலிருந்து எழும் வாயுவும் அதோடு சேர்ந்துகொள்கிறது. முதல் பயணத்தில் இது தெரியாமல், இருக்கை மூடியைத் திறந்து வைத்தபடியே நான் கைப்பிடியை இழுத்துவிட்டேன். புஸ்ஸென்ற ஓசையோடு பச்சை நிறத் திவலைகள் என் சட்டைக் கை வரை தெறித்தன. அம்மா உட்கார்ந்திருக்கும்போது அது நடக்கவில்லையே என்பதுதான் எனக்கு ஆறுதல். அன்றிலிருந்து, ஒவ்வொரு முறையும் இருக்கை மூடியை மூடிவிட்டு, தகட்டை விரலளவு மட்டும் திறந்து, காற்று போன பிறகே முழுவதும் திறக்கிறோம்.

பயணத்தின்போது கொக்கிகளும் தகடும் முழுமையாக மூடியிருக்கின்றனவா என்று பார்த்து, விளிம்பு உயர்ந்த ஒரு தாம்பாளத்திலோ அகன்ற தொட்டியிலோ கழிப்பறையை நேராக வைத்துப் பட்டையால் கட்டுங்கள். குடிநீர்க் கேனும் சமையல் பொருள்களும் வண்டியின் மறுபக்கம் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: ஊற்றுதல்

ரப்பர் கையுறை, மூடிய காலணி, முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். தகட்டை மூடி, கொக்கியை விடுவித்து, மேல்பெட்டியைத் தனியே எடுத்து வையுங்கள். கழிவுத் தொட்டியை இரு கைகளாலும் நேராகத் தூக்கிச் சென்று, ஊற்றுக்குழாயை வெளிப்புறமாகத் திருப்பி, அதன் மூடியைக் கழற்றி, கோப்பைக்குள் விழாதபடி தள்ளி வையுங்கள். என் உறவினர் ஒருவர் அதைக் கோப்பைக்குள்ளேயே தவறவிட்டிருக்கிறார். குழாயின் வாய் கோப்பைக்கு மிக அருகில் இருக்கும்படி சாய்த்து, கட்டைவிரலால் காற்றுப் பொத்தானை அழுத்தியபடியே ஊற்ற வேண்டும். பொத்தானை அழுத்தாவிட்டால், குறுகிய வாய்ப் பாட்டிலைக் கவிழ்த்ததுபோல் 'களக் களக்' என்று விட்டுவிட்டுக் கொட்டித் தெறிக்கும். அழுத்தினால் ஒரே சீராக வழியும். ஐந்து லிட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, கோப்பையில் தண்ணீர் ஊற்றிவிட்டுத் தொடருங்கள்.

காலியானதும் இரண்டு மூன்று லிட்டர் நல்ல தண்ணீர் விட்டு, மூடி, பக்கவாட்டில் குலுக்கி, மீண்டும் ஊற்றுங்கள். இரண்டு முறை இப்படிச் செய்தால் போதும். பிறகு, அந்தக் கழிப்பறையை நாம் வந்தபோது இருந்ததைவிடச் சுத்தமாக்கிவிட்டு வெளியே வர வேண்டும். தரையில் சிந்தியிருந்தால் துடைத்தெடுத்துவிட்டு, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். அங்கே கழிப்பறை கழுவும் ஆசிட் இருந்தால், பிளீச்சிங் திரவத்தோடு அது எக்காரணம் கொண்டும் சேரக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளிப்பட்டு மூச்சுத் திணறும். கழிவுத் தொட்டிக்குள்ளும் பிளீச்சிங் ஊற்ற வேண்டாம். கடைசியாகக் கைகளைச் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

கொட்டவே கூடாத இடங்கள்

நீலகிரியில் கண்ணில் படும் ஒவ்வொரு ஓடையும் யாரோ ஒருவரின் குடிநீர். குன்னூர் ஆறு மேட்டுப்பாளையம் அருகே பவானியில் கலக்கிறது. அங்கிருந்து பவானிசாகர் அணைக்குப் போகிறது. மலையில் ஓடையோரம் ஊற்றிவிட்டு வருபவர், கீழே ஆற்று நீரை நம்பியிருக்கும் ஊர்களுக்கு டைபாய்டையும் மஞ்சள் காமாலையையும் அனுப்பி வைக்கிறார். நகரத்தின் மழைநீர் வடிகாலும் அப்படித்தான். அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை, நேரே ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது.

"காட்டு மண்ணில் ஊற்றினால் உரம்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. மக்காத மலம் உரமாகாது. அதிலுள்ள உருண்டைப் புழுவின் முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியவை. நடைப்பயணத்தில் வேறு வழியே இல்லாதவர்கள், நீர்நிலையிலிருந்தும் பாதையிலிருந்தும் குறைந்தது 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி மூடும் முறை ஒருவர் ஒருமுறை கழிப்பதற்கானது. மருந்து கலந்த 15 லிட்டருக்கு அது பொருந்தாது. கூடாரம் போட்ட இடத்தில் வசதி இல்லையென்றால், மூடிய தொட்டியோடு மலையிறங்குவதுதான் வழி. நாட்கள் அதிகமென்றால் உதிரித் தொட்டி ஒன்றைக் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.

குப்பைத் தொட்டியைப் பற்றி நான் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டும். கழிவைக் கூழாக்கும் தூள் அடங்கிய பைகள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. சில நாடுகளில் அவற்றைக் கட்டிக் குப்பையில் போட அனுமதியும் உண்டு. நம் ஊரில் அந்தப் பையைத் தூய்மைப் பணியாளர் ஒருவர் கையால் பிரித்துத் தரம் பிரிப்பார். மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ள வைப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கும் நாட்டில், நம் விடுமுறைக்காக இன்னொருவர் கையில் அதைத் திணிக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை. சாலையிலுள்ள பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்து ஊற்றுவதும் வேண்டாம். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு நொடியில் உயிரைப் பறிக்கக்கூடியது.

வீடு திரும்பிய பின்

இரண்டு பெட்டிகளையும் மென்மையான சோப்புத் தண்ணீரால் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். ரப்பர் வளையத்தில் சிலிகான் மசகை மெல்லியதாகத் தடவுங்கள். வாசலின் தடவினால் ரப்பர் நாளடைவில் உப்பிக் கெட்டுவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு, நடுத்தகட்டையும் ஊற்றுக்குழாய் மூடியையும் திறந்தே வைத்துப் பரண்மேல் ஏற்றுங்கள். மூடி வைத்தால் அடுத்த பயணத்துக்குள் ரப்பர் தகட்டோடு ஒட்டிக்கொண்டு, கைப்பிடியை இழுக்கும்போது கிழிந்துவிடும்.