உங்க பாட்டு, உங்க போன்லயே: மியூசிகோலெட் வச்சு கேட்கிறது எப்படி?

திருவொற்றியூர் தேரடியில மெட்ரோ ஏறி ஆயிரம் விளக்குக்கு வேலைக்குப் போறவன் நான். தண்டையார்பேட்டை வர்றதுக்குள்ள ரயில் மண்ணுக்குள்ள இறங்கிடும். என் போன்ல ஆன்லைன் பாட்டு அங்கதான் திக்கும். பல்லவி முடிஞ்சு சரணம் எடுக்கிற நேரத்துல நின்னுடும். மண்ணடி வரைக்கும் திரையில வட்டம் சுத்திட்டே இருக்கும்.

வீட்ல ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் நிறைய பாட்டு கிடக்குது. அப்பா ரெக்கார்டிங் சென்டர்ல லிஸ்ட் எழுதிக் கொடுத்து பதிஞ்சு வாங்கின கேசட்டெல்லாம் நான் கம்ப்யூட்டர்ல ஏத்தினது. அதுக்கப்புறம் வந்த எம்பி3 சிடிக்கள். எல்லாத்துக்கும் மேல, வியாசர்பாடியில இருந்த என் பெரிய மாமா பாடின கானா. சாவு வீட்ல ராத்திரி முழுக்க டோலக்கு அடிச்சுப் பாடுவார். அதை என் பட்டன் போன்ல பதிஞ்சு வச்சேன். மாமா இப்ப இல்ல. அந்தப் பாட்டு எந்த ஆன்லைன் ஆப்லயும் கிடைக்காது. அதுக்காகத்தான் இந்த வேலையில இறங்கினேன்.

ஆப்

மியூசிகோலெட். போன்ல இருக்கிற பாட்டைப் பாடுற ஆப், ஆண்ட்ராய்டுக்கு மட்டும்தான். நாலஞ்சு பிளேயர் மாத்தி மாத்திப் பார்த்துட்டு இதுல வந்து நின்னேன். இது இன்டர்நெட் அனுமதியே கேட்காது, விளம்பரமும் கிடையாது. வி.எல்.சி.ன்னு இன்னொரு பிளேயர், எந்த ஃபைலைக் கொடுத்தாலும் பாடும், போன்ல அதுவும் இருக்கட்டும். ஆனா தினமும் பாட்டு கேட்க எனக்கு மியூசிகோலெட்தான் கைக்கு வசதி.

பாட்டை யுஎஸ்பி கேபிள்ல போனுக்கு ஏத்துறது உங்களுக்கே தெரியும். 'மியூசிக்'னு இருக்கிற ஃபோல்டருக்குள்ள போடுங்க. ஏத்துறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியதுதான் முக்கியமான வேலை.

டேக்: நான் மாட்டிக்கிட்ட இடம்

ஒவ்வொரு எம்பி3-க்குள்ளயும் பாட்டுப் பேரு, பாடினவர், ஆல்பம், வருஷம்னு சின்னச் சின்ன குறிப்பு இருக்கும். அதைத்தான் டேக்னு சொல்றோம். ஃபைல் பேரை எவ்வளவு அழகா மாத்தினாலும் டேக் குப்பையா இருந்தா போன்லயும் குப்பையாத்தான் தெரியும். இதைத் திருத்த விண்டோஸ்ல எம்பி3டேக்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. போன்லயே ஒவ்வொண்ணா திருத்தலாம், ஆனா நூறு பாட்டுக்கு மேல இருந்தா கம்ப்யூட்டர்தான் சரி.

1. ஃபோல்டரை இழுத்து எம்பி3டேக் மேல போடுங்க. ஒரு படத்துப் பாட்டு எல்லாத்தையும் சேர்த்து செலக்ட் பண்ணுங்க.

2. இடது பக்கம் கட்டங்கள் வரும். ஆல்பம் கட்டத்துல படத்தோட பேரு. டவுன்லோடு பண்ணின பாட்டா இருந்தா அங்க ஏதாவது இணையதளத்து முகவரி உட்கார்ந்திருக்கும், அழிச்சுடுங்க.

3. ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் கட்டத்துல இசையமைப்பாளர் பேரு. கன்ட்ரோல் எஸ் அழுத்தி சேவ் பண்ணுங்க.

இந்த மூணாவதுலதான் ரெண்டு வாரம் தவிச்சேன். நம்ம சினிமா ஆல்பத்துல ஒரு பாட்டு எஸ்.பி.பி., அடுத்தது ஜானகி, அதுக்கடுத்தது ரெண்டு பேரும் சேர்ந்து பாடியிருப்பாங்க. ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் காலியா இருந்தா, பல பிளேயர்கள் பாடினவரை வச்சு ஆல்பத்தைப் பிரிச்சுடும். ஆறு பாட்டு இருக்கிற ஒரே படம், என் போன்ல நாலு ஆல்பமா சிதறிக் கிடந்துச்சு. அந்தக் கட்டம் மேல இருக்காது. வருஷம், கமென்ட், டைரக்டரி எல்லாத்துக்கும் கீழ ஒதுங்கி இருக்கும். நான் ஆர்ட்டிஸ்ட் கட்டத்தையே மாத்தி மாத்தி எழுதிட்டிருந்தேன். அப்படிப் பண்ணினா பாடினவங்க பேரு அழிஞ்சு போயிடும், பண்ணாதீங்க.

அதே மாதிரி பேரை எழுதுறதுலயும் ஒரே முறை வேணும். என்கிட்ட இளையராஜா பேரு ஆங்கிலத்துல அஞ்சு விதமா எழுதியிருந்துச்சு. போனுக்கு அது அஞ்சு பேர். தமிழ்லயே எழுதிட்டேன், பிரச்சினை தீர்ந்துச்சு. தமிழ் எழுத்து கேள்விக்குறியா தெரிஞ்சா, எம்பி3டேக் ஆப்ஷன்ல டேக் பகுதிக்குப் போய் எம்பெக்குக்கு (எம்பி3 அதுலதான் வரும்) 'ஐடி3வி2.3 யுடிஎஃப்-16' தேர்ந்தெடுத்துட்டு மறுபடி எழுதி சேவ் பண்ணுங்க.

மாமாவோட பாட்டு

பழைய பட்டன் போன் பதிவெல்லாம் ஏ.எம்.ஆர். ஃபைலா இருக்கும். அதுல எம்பி3 மாதிரி டேக் எழுத முடியாது. கம்ப்யூட்டர்ல வி.எல்.சி. திறந்து கன்ட்ரோல் ஆர் அழுத்தி, ஃபைலைச் சேர்த்து, எம்பி3 தேர்ந்தெடுத்து மாத்துங்க. மாத்தினா ஒலி தெளிவாயிடும்னு நினைக்காதீங்க. அந்தப் பதிவுல ஒலியை அளந்து எடுத்த சாம்பிள் நொடிக்கு 8,000தான். போன்ல பேசுற குரல் மாதிரிதான் கேட்கும். மூல ஃபைலை அழிக்காம தனியா வைங்க.

'ரெக்கார்டிங் 23'னு கிடந்த ஃபைலுக்கு நான் ஆர்ட்டிஸ்ட் கட்டத்துல மாமா பேரு, ஆல்பம் கட்டத்துல 'வியாசர்பாடி', கமென்ட்ல யார் வீட்டுச் சாவு, அன்னிக்கு டோலக்கு யாருன்னு எழுதினேன். டோலக்கு யாருன்னு அத்தைகிட்ட கேட்டுத்தான் தெரிஞ்சுகிட்டேன். பதிவோட தொடக்கத்துல மாமா தொண்டையைச் செருமிட்டு "டேய், கொஞ்சம் ஏத்தி அடிடா"ன்னு சொல்லுவார். அதை வெட்டலாமான்னு தம்பி கேட்டான். வெட்டல.

ஆப்ல செய்ய வேண்டியது

ஃபோல்டர் பக்கத்துக்குப் போனா நீங்க கம்ப்யூட்டர்ல அடுக்கின அதே அடுக்கு தெரியும். எனக்குப் பிடிச்சது, பல க்யூ, அதாவது அடுத்தடுத்து பாட வேண்டிய பாட்டு வரிசை, வச்சுக்கலாம்ங்கிறது. அப்பாவோட கேசட் ஒண்ணு, கானா ஒண்ணு, காலையில கேட்கிறது ஒண்ணு. ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குத் தாவிட்டு திரும்பி வந்தாலும் விட்ட இடத்துலயே இருக்கும். ஹெட்செட் பட்டனை ஒரு தடவை அழுத்தினா நிக்கும், ரெண்டு தடவைன்னா அடுத்த பாட்டு, மூணு தடவைன்னா முந்தினது. கூட்டத்துல போனை வெளிய எடுக்கவே வேணாம்.

பிற்சேர்க்கை

படிச்சிட்டு ரெண்டு பேர் கேட்டதால சேர்க்கிறேன். ஒரு ஃபோல்டர் மட்டும் ஆப்ல தெரியலன்னா, அதுக்குள்ள ஆங்கில எழுத்துல '.நோமீடியா' (.nomedia)ன்னு பேர் வச்ச மறைவு ஃபைல் இருக்கான்னு பாருங்க. அது இருந்தா ஆண்ட்ராய்டு அந்த ஃபோல்டரைத் தொடாது. அழிச்சுட்டு மறுபடி ஸ்கேன் பண்ணுங்க. பாட்டோட பாட்டா வாட்ஸ்அப் ஆடியோ வந்து கலந்தா, செட்டிங்ஸ்ல அந்த ஃபோல்டரை விலக்கிடலாம். திரை அணைஞ்ச கொஞ்ச நேரத்துல பாட்டு நின்னா, போனோட பேட்டரி செட்டிங்ஸ்ல மியூசிகோலெட்டுக்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்க.