மெக்டொனால்ட் என்ற பெயரின் வேரைத் தேடுவது எப்படி? முதன்முறை தேடுவோருக்கு

பெரம்பூரில் எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் ஆங்கிலோ இந்திய அங்கிள் இருக்கிறார். ஒரு ஞாயிறு மதியம் மஞ்சள் சோறும் உருண்டைக் கறியும் பரிமாறிக்கொண்டே கேட்டார்: “எல்லாரும் பர்கர் கடையான்னு கேக்குறாங்க. உண்மையில நான் எந்த மெக்டொனால்டுப்பா?” அவர் வீட்டில் வழிவழியாக ஒரு பேச்சு உண்டு. தாங்கள் ஸ்காட்லாந்துத் தீவுகளை ஆண்ட அரசர் வம்சம் என்று.

அதைச் சரிபார்க்கப் புறப்பட்டுத்தான் இந்தத் தேடல் எனக்குப் பழக்கமானது. ஸ்காட்டியக் குடும்பப்பெயர் எதற்கும் இந்த முறை பொருந்தும். மெக்டொனால்டை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். தொடங்குமுன் ஒரு நோட்டை எடுத்து இரண்டு கேள்விகளைத் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள். ‘பெயர் எங்கிருந்து வந்தது?’ ‘ரத்தம் எங்கிருந்து வந்தது?’ இரண்டுக்கும் ஒரே பதில் என்று நினைத்துத்தான் பலரும் வழி தவறுகிறார்கள்.

படி 1: பெயரை உடைத்துப் பாருங்கள்

ஸ்காட்லாந்தின் பழைய மொழிகளில் ஒன்றான கேலிக்கில் ‘மக்’ என்றால் மகன். நம் ‘மகன்’ மாதிரியே ஒலிக்கிறதே என்று துள்ள வேண்டாம், தற்செயல்தான். ஆனால் வழக்கம் நமக்குப் புதிதல்ல. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று சங்கப் புலவரையே தகப்பன் பெயரோடு சொல்லிப் பழகியவர்கள் நாம். டொனால்டின் கேலிக் வடிவம் டோனல். பழைய கெல்டிக் மொழியில் அதற்கு உலகை ஆள்பவன் என்று பொருள். ஆக மெக்டொனால்ட் என்பவர் ‘உலகநாதன் மகன்’!

கேலிக்கில் ‘மக்’குக்குப் பின்னால் வரும்போது டோனலின் ‘ட’ குழைந்து, தொண்டையில் பிறக்கும் ஒரு மெல்லொலியாகிவிடும். கேட்ட ஆங்கில எழுத்தர் ஒருவர் மெக்டொனால்ட் என்று எழுதினார், இன்னொருவர் மெக்கானல் என்று எழுதினார், மூன்றாமவர் மொழிபெயர்த்து டொனால்ட்சன் ஆக்கினார். மெக்டொனெல் என்ற எழுத்துக்கூட்டல் மெக்டொனால்ட் குலத்தின் கிளென்கேரி, கெப்போக் கிளைகளில் அதிகம். அதைக் கண்டால் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பெண்களுக்குக் கேலிக்கில் ‘மக்’ கிடையாது, ‘நிக்’தான். பழைய பதிவேடுகள் சிலவற்றில் அதையும் பார்க்கலாம்.

‘மேக்’ என்று முழுதாக எழுதினால் ஸ்காட்லாந்து, ‘மெக்’ என்று சுருக்கினால் அயர்லாந்து என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஒரே ஆளின் பெயரே கல்யாணப் பதிவில் ஒரு விதமாகவும் மரணப் பதிவில் வேறு விதமாகவும் இருக்கும். (பர்கர் கடை சகோதரர்களின் பெற்றோர் அயர்லாந்திலிருந்து அமெரிக்கா போனவர்கள். அங்கிளிடம் சொன்னதும் அவருக்குப் பாதி நிம்மதி.)

படி 2: பெயருக்குப் பின்னால் இருக்கும் ஆளைப் பிடியுங்கள்

இந்த டொனால்ட் யார்? 13ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலோரத் தீவுகளில் வாழ்ந்த தலைவர். இவருடைய தாத்தா சோமர்லெட். 1156இல் தீவுகளின் அரசன் கோட்ரெட்டைக் கடற்போரில் எதிர்த்து, தெற்கு ஹெப்ரிடீஸ் தீவுகளைக் கைப்பற்றியவர். 1164இல் ரென்ஃப்ரூ அருகே படையெடுத்துப் போனபோது கொல்லப்பட்டார். மகன்களில் டூகல் வழி வந்தவர்கள் மெக்டூகல்கள். ரனால்ட் வழிப் பேரன்தான் நம் டொனால்ட். டொனால்டின் மகன் அலிஸ்டர் வழி வந்தவர்கள் மெக்அலிஸ்டர்கள். டொனால்டின் சந்ததியார் ‘தீவுகளின் பிரபு’ என்ற பட்டத்தோடு ஐலே தீவின் ஃபின்லாகனில் இருந்து ஆண்டார்கள். 1493இல் நான்காம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் அந்தப் பட்டம் பறிபோனது. ஸ்லீட், கிளான்ரனால்ட், கிளென்கேரி, கெப்போக், கிளென்கோ என்று கிளைகள் தனித்தனியாக வாழ்ந்தன.

இங்கேதான் அங்கிள் வீட்டுக் கதை ஆட்டம் காண்கிறது. தலைவனின் நிலத்தில் உழுதவர், அவன் படையில் நின்றவர், அவன் காவலை நாடி வந்தவர் என எல்லோரும் காலப்போக்கில் அவன் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். சாதாரணக் குடிகளுக்கு நிலையான குடும்பப்பெயர் என்ற ஒன்றே ஹைலேண்ட்ஸ் என்ற வடமேற்கு மலைப்பகுதியில் தாமதமாகத்தான் ஊன்றியது. ஃப்ரேசர் குலத்தில் ‘ஒரு படி மாவு ஃப்ரேசர்கள்’ என்று கேலியாகச் சொல்வதுண்டு. ஓட்ஸ் மாவு வாங்கிக்கொண்டு பெயரை மாற்றியவர்களாம். மெக்டொனால்ட் என்ற பெயர் உங்கள் முன்னோர் யார் நிழலில் வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்லும். யாருக்குப் பிறந்தார்கள் என்பதைச் சொல்லாது.

படி 3: வரைபடத்தில் பரப்பிப் பாருங்கள்

1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துத் தயாரித்த குடும்பப்பெயர் வரைபடங்கள் இணையத்தில் கிடைக்கும். மெக்டொனால்டைத் தேடினால் இன்வர்னஸ் கவுண்டியும் அதைச் சேர்ந்த ஸ்கை, வட யூயிஸ்ட், தென் யூயிஸ்ட் தீவுகளும் அடர்த்தியாகத் தெரியும். கிளாஸ்கோவிலும் நிறைய இருப்பார்கள். பிழைப்பு தேடிப் போனவர்கள்.

வரைபடத்தோடு மதத்தையும் சேர்த்துப் பாருங்கள். தென் யூயிஸ்ட், மொய்டார்ட், நாய்டார்ட் பக்கத்தவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர். வட யூயிஸ்டும் ஸ்கையும் பிரஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவு. குடும்பம் பரம்பரைக் கத்தோலிக்கம் என்றால் தேட வேண்டிய பரப்பு கணிசமாகச் சுருங்கிவிடும்.

கடல் கடந்த கணக்கு பெரிது. 1772இல் கிளெனாலடேல் மெக்டொனால்ட் ஒருவர் ஏற்பாடு செய்த ‘அலெக்சாண்டர்’ கப்பலில் கத்தோலிக்கக் குடிகள் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுக்குப் போனார்கள். நோவா ஸ்கோஷியா, கேப் பிரெட்டன் என்று பெயர் பரவியது. கனடாவின் முதல் பிரதமரே கிளாஸ்கோவில் பிறந்த ஒரு மெக்டொனால்ட்தான்.

படி 4: காகிதத்தில் பின்னோக்கி நடங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். தலைவனிடமிருந்து கீழே இறங்கி வராதீர்கள். உங்களிடமிருந்து மேலே ஏறுங்கள், தலைமுறை தலைமுறையாக.

ஸ்காட்லாந்து அரசின் ‘ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்’ தளத்தில் பதிவேடுகளின் படங்களே கிடைக்கும். சிவில் பதிவு, அதாவது பிறப்பு, திருமணம், இறப்பை அரசே பதிவது, 1855 ஜனவரி 1 அன்று தொடங்கியது. ஸ்காட்டிய மரணச் சான்றில் இறந்தவரின் தந்தை பெயரோடு, தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும். ஆகவே 1860இல் 80 வயதில் இறந்த ஒருவரின் சான்று கிடைத்தால், 1780க்கு முந்தைய ஒரு தம்பதியின் பெயர் கைக்கு வந்துவிடும். அதிலும் 1855ஆம் ஆண்டுச் சான்றுகள் தங்கச் சுரங்கம். அந்த ஒரு வருடம் மட்டும் அளவுக்கு மீறி விவரம் கேட்டார்கள். எழுதி மாளாமல் அடுத்த வருடமே குறைத்துவிட்டார்கள்.

கணக்கெடுப்புகளில் 1841ஐ எச்சரிக்கையோடு படியுங்கள். 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதும் வழக்கம் அதில் உண்டு. 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். 1851 முதல் பிறந்த பங்கின் (தேவாலய வட்டாரத்தின்) பெயரும் வரும். 1855க்கு முந்தைய காலத்துக்குப் பங்குப் பதிவேடுகள்தான் கதி. ஆனால் ஹைலேண்ட்ஸிலும் தீவுகளிலும் பல பங்குகளின் ஏடுகள் 1700களின் பிற்பகுதிக்கு முன்னால் போவதில்லை.

ஒரே பங்கில் பத்து டொனால்ட் மெக்டொனால்டுகள் இருப்பார்கள். தவறான டொனால்டின் பின்னால் இரண்டு மாதம் அலைந்தவன் நான். தப்பிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, ஊர்ப்பெயர், பண்ணைப்பெயர். ஆளை விட்டாலும் பண்ணையை விடாதீர்கள். இன்னொன்று, பெயர் சூட்டும் முறை. மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர். மூத்த மகளுக்கு அம்மாவழிப் பாட்டி பெயர். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் ஊரில் பிறந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள், துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிளைப் போல இந்தியாவில் தொடங்குகிறவர்கள் முதலில் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களைப் பார்க்க வேண்டும். சென்னை மாகாணத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவுகள் அங்கே இருக்கின்றன. முன்னோர் சிப்பாய் என்றால் படைப் பதிவேட்டில் பிறந்த ஊரும் கிடைக்கலாம்.

படி 5: இப்போது டிஎன்ஏ

விளம்பரத்தில் வரும் ‘நீங்கள் 38 சதவீதம் ஸ்காட்டிஷ்’ வகைச் சோதனை குடும்பப்பெயருக்கு உதவாது. பெயர் தகப்பன் வழி வருகிறது. அதே வழியில் வருவது ஒய் குரோமோசோம் மட்டும்தான். ஆகவே அந்தப் பெயரைப் பிறப்பால் கொண்ட ஓர் ஆண் எச்சில் மாதிரி தர வேண்டும். பெண்கள் தேடினால் அப்பா, அண்ணன், தம்பி, சித்தப்பா யாரையாவது கேளுங்கள்.

சோதனையில் 37 குறிகளுக்கு (குரோமோசோமில் ஒப்பிட்டுப் பார்க்கும் இடங்களுக்கு) குறைந்து வாங்காதீர்கள். 12 குறிப் பொருத்தம் வெறும் தற்செயலாகவே வரும். முடிந்தால் 111, அல்லது ஒய் குரோமோசோமையே விரிவாகப் படிக்கும் சோதனை. முடிவு வந்ததும் ‘ஃபேமிலி ட்ரீ டிஎன்ஏ’ தளத்தில் உள்ள கிளான் டொனால்ட் திட்டத்தில் சேருங்கள். உங்கள் குறிகளை ஒப்பிட ஆயிரக்கணக்கானோர் வேண்டும், அது அங்கேதான் கிடைக்கும்.

சோமர்லெட்டின் குரோமோசோமை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? எலும்பைத் தோண்டவில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் பிரையன் சைக்ஸ் குலத்தலைவர்களைச் சோதித்தார்: மெக்டொனால்ட் கிளைகளிலிருந்து நால்வர், மெக்அலிஸ்டர் ஒருவர். ஐவருக்கும் ஒரே வகை. மெக்டூகல் என்ற பெயர் கொண்ட சாதாரண ஆண்கள் பலரிடமும் அதே வகை இருந்தது. படி 2இல் சொன்ன வம்சாவளியை நினைத்துப் பாருங்கள். மெக்டூகலும் மெக்டொனால்டும் சந்திக்கும் ஒரே இடம் சோமர்லெட். ஏட்டில் இருந்ததும் ரத்தத்தில் இருந்ததும் 850 ஆண்டு தாண்டி ஒரே ஆளிடம் போய் நின்றன. எனக்கு இன்றும் சிலிர்க்கிற இடம் இது.

அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. குலமரபுக் கதை சோமர்லெட்டை ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த நார்ஸ்காரர்களை விரட்டிய கேலிக் வீரனாக, அயர்லாந்து அரசன் கொல்லா உவாஸின் வழித்தோன்றலாகப் போற்றியது. குரோமோசோமோ ஆர்1ஏ என்ற தகப்பன் வழிப் பிரிவின் ஸ்காண்டிநேவியக் கிளை! அவர் பெயருக்கே நார்ஸ் மொழியில் ‘கோடைப் பயணி’ என்றுதான் பொருள்.

நம்மவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்தியாவிலும் ஆர்1ஏ பலருக்கு உண்டு. அது இசட்93 கிளை, சோமர்லெட்டுடையது இசட்284. இரண்டும் பிரிந்து ஐயாயிரம் ஆண்டு ஆகிறது. முடிவில் ‘ஆர்1ஏ’ என்று கண்டதும் ஸ்காட்லாந்துக் கோட்டையில் பங்கு கேட்டு வழக்குப் போடாதீர்கள்.

சோதித்த மெக்டொனால்டுகளில் பெரும்பாலோர் சோமர்லெட் வழி அல்ல. அவர்களிடம் அதிகம் காணப்படுவது அந்தப் பகுதிகளில் பரவலான ஆர்1பி. காரணங்கள் பல: பெயரை ஏற்ற குடிகள், தத்தெடுப்பு, மகள் வழியில் பெயர் தொடர்ந்தது, திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை. கடைசிக் காரணம் அண்மைத் தலைமுறையில் வெளிப்பட்டால் வீடு இரண்டாகும். அதனால் மாதிரி கேட்கும் முன்பே உறவினரிடம் சொல்லிவிடுங்கள், எதுவும் வரலாம் என்று.

அங்கிளுக்கு வந்தது ஆர்1பி, எல்21 கிளை. அரசர் வம்சம் போச்சு. ஒரு நிமிடம் மௌனமாக இருந்துவிட்டு, “வரி கட்டின கூட்டம்னு சொல்லு,” என்றார். அடுத்த வாரம் படைப் பதிவேட்டின் நகல் வந்தது. பிறந்த பங்கு கில்மோனிவேக், இன்வர்னஸ் கவுண்டி. பெயர் மெக்டொனெல் என்று எழுதியிருந்தது. கெப்போக், கிளென்கேரி இரண்டு நிலங்களும் அந்தப் பங்குக்குள்தான் வருகின்றன.

இனி அந்தச் சிப்பாயோடு பிறந்தவர்களில் ஊரிலேயே தங்கி 1855க்குப் பிறகு இறந்தவர் யாராவது உண்டா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அவருடைய மரணச் சான்றில் தாய் தந்தை பெயர் இருக்கும். நான்கு சான்றுகள் பார்த்தாயிற்று, நான்கும் வேறு குடும்பம். ஐந்தாவது இந்த ஞாயிறு, உருண்டைக் கறிக்கு அப்புறம்.