அம்மாவிடம் கேட்கும்போதே பிள்ளையைப் பற்றியும் கேட்பது எப்படி?

மனைவியை அடிப்பதைப் பற்றி ஒரு ஆய்வு, பிள்ளையை அடிப்பதைப் பற்றி வேறொரு ஆய்வு என்றுதான் எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் அடி விழும் வீடு ஒன்றுதான். திண்டுக்கல் பக்கம் பதினோரு வருடம் குடும்ப வன்முறை ஆய்வுக்காகக் கேள்வித்தாளோடு நடந்ததில் கற்றதை, புதிதாகக் களத்துக்குப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒரு வீட்டில் ஒருவரிடம் மட்டும் கேளுங்கள். தேசியக் குடும்ப நல ஆய்விலும் வன்முறை பற்றிய கேள்விகளுக்கு வீட்டுக்கு ஒரு பெண்தான், அதுவும் தனிமை கிடைத்தால்தான். அம்மா, மகள் இருவரையும் கேட்டால் ராத்திரி "நீ என்ன சொன்னே?" என்று விசாரணை நடக்கும். மாமியார் வந்து உட்கார்ந்துவிட்டால் பேச்சை மாற்றித் தடுப்பூசிக் கேள்விக்குப் போய்விடுங்கள். அந்தப் பக்கத்தின் முனையை முதலிலேயே மடித்து வைத்திருங்கள்.

சரி, என்ன கேட்பது? "பிள்ளைகள் முன்னால் அடிப்பாரா?" என்றால், "இல்லக்கா, அதுங்க தூங்கிடும்" என்பார்கள். அப்படிச் சொன்ன ஒருத்தியிடம், "அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் பிள்ளைங்க என்ன செய்வாங்க?" என்றேன். "பெரியவன் பாப்பாவைத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போயிடுவான்." பெரியவனுக்கு ஏழு வயது. சொல்லிவிட்டு அவள் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அந்த வண்டிக் கேள்வி எங்கள் தாளில் இருக்கிறது.

"நீங்க அடி வாங்கின அன்னிக்குப் பிள்ளைகிட்ட எப்படி இருந்தீங்க?" என்பதையும் விடாதீர்கள். குரலில் குற்றச்சாட்டு துளியும் வேண்டாம். "கோபத்தை அதுமேல காட்டிட்டேன்" என்று சிலர் உடைந்துபோவார்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருங்கள். இரண்டு வன்முறையும் எங்கே முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன என்று ஆராய வேண்டிய இடம் இதுதான் என்பது என் எண்ணம்.

பிள்ளையிடமே பேசும் ஆய்வானால், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் கொடுமை தெரியவந்தால் புகார் செய்தே ஆகவேண்டும் என்கிறது 2012 போக்சோ சட்டம். பேச்சைத் தொடங்கும் முன்பே பிள்ளைக்குப் புரியும்படி இதைச் சொல்லிவிடுங்கள்.

கிளம்பும்போது உதவி எண்களை அட்டையில் கொடுக்காதீர்கள், புருஷன் கண்ணில் படும். பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098. அவளையே இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி, பிள்ளைகளைத் தற்காலிகமாக அவளிடமே விட மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம் என்பதையும் சொல்லுங்கள். "பிள்ளையைப் பிடுங்கிக்குவாங்க" என்ற பயத்தில் வாயைத் திறக்காத பெண்கள் நிறையப் பேரை நான் பார்த்திருக்கிறேன்.